"நெறஞ்சா கூப்பிட்டுக்கலாம்": வீட்டுக் கழிவுத்தொட்டியைப் புரிந்துகொள்வோம்



அண்மையில் என் படிவம் 4 மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் தூய்மையைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதக் கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அதே மூன்று கருத்துகள்: குப்பையைக் கண்ட இடத்தில் வீசக்கூடாது, மறுசுழற்சி செய்ய வேண்டும், கூட்டாகத் துப்புரவுப் பணி செய்ய வேண்டும். தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியவர் கண்ணால் பார்த்த ஒரு பொருள்கூட அந்தக் கட்டுரைகளில் இல்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வீட்டுக் கழிவறையில தண்ணிய இழுத்துவிட்டா, அது எங்க போகுது?" முதலில் சிரிப்பு. பிறகு அமைதி. "கடலுக்கு, டீச்சர்" என்றான் ஒருவன். "இண்டா வாட்டருக்கு" என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு தொட்டி இருக்கு, ஆனா அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்ல" என்றான் கடைசி வரிசை மாணவன். அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்பா தோட்டத்து லயத்தை விட்டு வந்து, கெடாவில் ஒரு தாமானில் வாங்கிய வரிசை வீடு அது. வீட்டின் பின்புறம் செப்டிக் டேங்க். சில ஆண்டுகள் கழித்து, இடம் போதவில்லை என்று சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டினோம். தொட்டியின் மூடிகள்மீது சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் குளிர்பதனப் பெட்டியை வைத்தோம். அன்றோடு எல்லாருக்கும் தொட்டி மறந்துபோனது.

அம்மா மட்டும் எப்போதாவது, "ஏங்க, அந்தத் தொட்டிய ஒருவாட்டி எடுக்கச் சொல்லணும்" என்பார். "நெறஞ்சா கூப்பிட்டுக்கலாம்" என்பார் அப்பா. பேச்சு அத்துடன் முடிந்துவிடும். வாடை வந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பிராணியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்.

ஒரு தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, இழுத்துவிட்ட தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தது. அவசரத்துக்கு ஒரு லோரிக்காரரைத் தேடிப் பிடித்தோம். வந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், மூடி எங்க இருக்கு?" அப்பா பேசாமல் குளிர்பதனப் பெட்டியைக் காட்டினார். பலகாரம் சுட வேண்டிய அடுப்படியில் அன்று டைல்ஸ் உடைபட்டது. கசடு உறிஞ்சக் கொடுத்ததைவிடத் தரையைச் சரிசெய்யத்தான் அதிகப் பணம் போனது.

இதுவரை கேட்டால் வேடிக்கைக் கதைதான். ஆனால் மூடியைத் திறந்து பார்த்த அந்த இளைஞர், "இது இன்னிக்கு நெறஞ்சது இல்ல அக்கா. ரொம்ப வருசமாவே உங்க டேங்க்ல இருந்து எல்லாம் லோங்கான்லதான் போயிருக்கு" என்றார். அந்தச் சாக்கடையில்தான் என் அக்கா மகன் பந்து விழும்போதெல்லாம் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். அழுக்கு எங்களிடம் திரும்பி வந்த நாளைத்தான் நாங்கள் பிரச்சினை என்று நினைத்தோம். அது பல ஆண்டுகளாக மற்றவர் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மலேசியாவில் வீட்டுக் கழிவு இரண்டு வழிகளில் போகிறது. புதிய தாமான்களில் பெரும்பாலும் நிலத்தடிக் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும். பழைய தாமான்களிலும் கம்பத்து வீடுகளிலும் வீட்டுக்கு வீடு தனித் தொட்டி இருக்கும். உங்கள் வீட்டின் பின்புறமோ பக்கவாட்டிலோ தரையோடு தரையாக இரண்டு சிமெண்ட் மூடிகளும், பக்கத்தில் ஒரு காற்றுக்குழாயும் இருந்தால், அது பெரும்பாலும் கழிவுத்தொட்டிதான்.

வழக்கமான தொட்டிக்கு இரண்டு அறைகள். கழிவு முதல் அறைக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து அமைதியாக நிற்கும். அப்போது மூன்று அடுக்குகளாகப் பிரியும். கனமானது அடியில் தங்கும், இதுதான் கசடு. காப்பித் தூளின் மண்டி குவளையின் அடியில் தங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கொழுப்பும் இலேசான பொருள்களும் மேலே மிதந்து, பாலில் ஆடை கட்டுவதுபோல் ஒரு படலமாகும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். இந்த நடு நீர் மட்டும் இரண்டாம் அறைக்குப் போய், அங்கே இன்னும் கொஞ்சம் தெளிந்து, வெளியேறும் குழாய் வழியாகப் போகும். அந்தக் குழாயின் உள்முனை 'டி' வடிவத்தில் நீருக்குள் மூழ்கி இருக்கும். மேலே மிதக்கும் படலம் வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலை.

அடியில் தங்கிய கசட்டை, காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. அதனால் கசட்டின் அளவு குறையும். ஆனால் முழுவதும் தீர்ந்துபோகாது. சிதையாத மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அது தானாக மறைய வழியே இல்லை. யாராவது வந்து எடுத்தால்தான் உண்டு.

ஒன்றை நினைவில் வையுங்கள். வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் தூய நீர் அல்ல. நோய்க்கிருமிகள் அதில் இருக்கும். தொட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இப்படி என்றால், கசடு மிகுந்த தொட்டியிலிருந்து வருவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'நிரம்பினால்' என்ற சொல் செய்த வேலை

இப்போது அப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். "நெறஞ்சா கூப்பிட்டுக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, அரிசி டின், குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் நிறைந்த பிறகுதானே கவனிக்கிறோம்?

ஆனால் கழிவுத்தொட்டி எப்போதுமே நிரம்பித்தான் இருக்கும். கட்டிப் புழங்கத் தொடங்கிய சில நாள்களிலேயே வெளியேறும் குழாயின் மட்டம்வரை நீர் ஏறிவிடும். அதன்பிறகு உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் நீர்மட்டம் அதேதான். மாறுவது உள்ளிருப்பு: கசடு அடியிலிருந்து உயர்கிறது, மேற்படலம் தடிக்கிறது, நடுவில் நீர் தெளிவதற்கான இடம் சுருங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தொட்டி 3,000 லிட்டர் கொள்ளும், நாளொன்றுக்கு 1,000 லிட்டர் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொட்டியில் அந்த நீர் தெளிய மூன்று நாள் அவகாசம் கிடைக்கும். கசடும் படலமும் சேர்ந்து 2,000 லிட்டர் இடத்தைப் பிடித்துவிட்டால், அவகாசம் ஒரே நாள்தான். தெளிய நேரமில்லாத கசடு நீரோடு கலந்து வெளியே ஓடும். கழிவறையில் ஒரு மாற்றமும் தெரியாது. இழுத்துவிட்டால் தண்ணீர் இறங்கும். வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். சாக்கடையில் மட்டும் கறுப்பு நீர் ஓடும்.

ஆகவே, கழிவறை அடைத்துக்கொள்வது முதல் அறிகுறி அல்ல, கடைசி அறிகுறி. அதனால்தான் கசடு எடுப்பதற்கு நாள்காட்டியை நம்ப வேண்டும், மூக்கை நம்பக்கூடாது. நம் நாட்டில் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. வீட்டில் ஆள் அதிகம், தொட்டி சிறிது என்றால் அதற்கு முன்னரே தேவைப்படலாம். கசடும் படலமும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் ஒரு பொது அளவு.

நாள்காட்டியை மறந்தவர்களுக்காகச் சில அறிகுறிகள்: தண்ணீர் மெதுவாக இறங்குவது, குழாயில் 'களக் களக்' என்ற சத்தம், தொட்டியைச் சுற்றி மண் எப்போதும் ஈரமாக இருப்பது, அந்த இடத்தில் மட்டும் புல் செழித்து வளர்வது, மழை பெய்தால் வாடை கூடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்.

யார் பொறுப்பு? யாரைக் கூப்பிடுவது?

"முன்ன லோரி தானா வருமே" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் (சட்டம் 655), 2008 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வீட்டுத் தொட்டியைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டர் நிறுவனத்திடம் பதிவு செய்யலாம். அல்லது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்ற குத்தகையாளரை அழைக்கலாம். சபா, சரவாக்கில் இருப்பவர்கள் தங்கள் ஊராட்சி மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருக்கும் ஆசிரியர்கள், வீட்டுக்காரரிடம் "கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்று குடிபுகும் முன்னரே கேட்டுவிடுவது நல்லது.

லோரி வரும் நாளில்

அழைக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: தொட்டி எங்கே இருக்கிறது, லோரி நிற்கக்கூடிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம், மூடி திறக்கும் நிலையில் இருக்கிறதா. வரிசை வீட்டில் பின்சந்து குறுகலாக இருந்தால், உறிஞ்சுகுழாயை வீட்டுக்குள்ளேயே இழுத்துப் போக வேண்டியிருக்கும்.

வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை.

1. இரண்டு மூடிகளையும் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதல்முறை ஒரு மூடியை மட்டும் திறந்து, மேலே இருந்த நீரை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டார்கள். அடியில் இருந்த கசடு அப்படியே இருந்தது. ஆறு மாதத்தில் மீண்டும் அதே தொல்லை.

2. மேற்படலம் கெட்டியாக இருந்தால், அதை உடைத்துக் கலக்கிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும்.

3. 'டி' குழாய் உடைந்திருக்கிறதா, சுவரில் விரிசல் உண்டா, மரவேர் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கேளுங்கள்.

4. எடுத்த கசட்டை எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆற்றோரத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ கொட்டினால், நம் வீட்டுச் சிக்கலை வேறொருவர் தலையில் கட்டியதாகிவிடும். நம் குடிநீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்கக்கூடாது.

5. ரசீதை வாங்கி, தேதியை எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

வெள்ளம் வரும் காலத்திலும், மண் ஊறிக் கிடக்கும்போதும் தொட்டியைக் காலி செய்யாமல் இருப்பது நல்லது. காலித் தொட்டியை, குறிப்பாக நெகிழி, ஃபைபர் தொட்டிகளை, நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடக்கூடும். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். இவ்வகைத் தொட்டி என்றால் உறிஞ்சிய கையோடு நீரும் நிரப்பிவிடுங்கள்.

எதைப் போடக்கூடாது?

ஈரத் துடைப்புத் தாள், அணையாடை, மாதவிடாய்ப் பஞ்சு, பொரித்த எண்ணெய், சிகரெட் துண்டு இவை எதுவும் கழிவறைக்குள் போகக்கூடாது. இவை சிதைவதில்லை, அல்லது நீரில் மிதந்து குழாயை அடைக்கும். கிருமிநாசினியை வாளி வாளியாக ஊற்றுவதும் தவறு. வேலை செய்ய வேண்டிய நுண்ணுயிரிகளை அது கொன்றுவிடும்.

"சாணிய கரைச்சு ஊத்துனா போதும்", "ஈஸ்ட் போட்டா லோரியே வேணாம்" என்பார்கள். தேவையான நுண்ணுயிரிகள் மனிதக் கழிவிலேயே ஏராளமாக இருக்கின்றன. எதைக் கரைத்து ஊற்றினாலும் சேர்ந்த கசடு போகாது.

தொட்டிமேல் காரை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் பெரிய மரம் வைக்காதீர்கள். காற்றுக்குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் கொசுவுக்கு அது வாசலாகிவிடும்.

உயிருக்கு ஆபத்தான பகுதி

மாணவர்களே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கசடு சிதையும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பற்றும். அதனால் திறந்த தொட்டியின் அருகே சிகரெட், தீப்பெட்டி, எங்கள் வீட்டுச் சாம்பிராணித் தட்டு எதுவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். ஆனால் அதன் அளவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "இப்ப நாத்தம் இல்லயே" என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அது காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். ஓரிரு மூச்சில் ஆளை மயக்கிவிடக்கூடியது.

எனவே, காலியான தொட்டியாக இருந்தாலும் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. தலையை உள்ளே நீட்டிப் பார்க்கவும் கூடாது. கைப்பேசி விழுந்தால் போகட்டும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், காப்பாற்ற நினைத்துப் பின்னால் குதிக்காதீர்கள். இப்படிப்பட்ட விபத்துகளில், ஒருவரைத் தூக்கப் போன இன்னொருவரும் மாண்டுபோவது அடிக்கடி நடக்கிறது. உடனே 999க்கு அழைத்து, தீயணைப்பு மீட்புப் படை வேண்டும் என்று சொல்லுங்கள்.

மூடியில் விரிசல் இருந்தால் இன்றே மாற்றுங்கள். பலகையும் தகரமும் மூடி ஆகா. அதன்மேல் ஓடி விளையாடும் குழந்தைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்கள் இக்கட்டுரையைப் படிவம் 4, 5 வகுப்புகளில் வாசிப்புப் பகுதியாகப் பயன்படுத்தலாம். 'அதனால்', 'ஆகவே', 'எனவே', 'இல்லாவிட்டால்' ஆகிய இடைச்சொற்கள் காரணத்தையும் விளைவையும் எப்படி இணைக்கின்றன என்று மாணவர்களைக் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேச்சுவழக்குத் தொடர்கள் மேற்கோள் குறிக்குள் மட்டுமே வருவதையும் கவனிக்கச் செய்யலாம். தேர்வுத் தாளில் இந்த எல்லையை மீறக்கூடாது.

சொல் விளக்கம்

கசடு: அடியில் தங்கும் அழுக்கு. திருக்குறளின் கல்வி அதிகாரத்து முதல் குறளில் நீங்கள் படித்த அதே சொல்தான். அங்கே குற்றம், பிழை என்ற பொருளில் வருகிறது.
மண்டி: நீர்மத்தின் அடியில் படியும் வண்டல்.
படலம்: மேலே மெல்லிதாகப் படர்ந்து மூடும் அடுக்கு.
நுண்ணுயிரி: கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்.
குத்தகையாளர்: ஒப்பந்தம் செய்து வேலையை முடித்துக் கொடுப்பவர்.

சிந்தனை வினாக்கள்

1. "கழிவறை அடைத்துக்கொள்வது கடைசி அறிகுறி" என்று ஏன் கூறப்படுகிறது? இரு காரணங்களோடு விளக்குக.
2. கழிவுத்தொட்டி 'நிரம்புவது' என்பதற்கும் அதில் 'கசடு சேர்வது' என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற உடனே இறங்கக்கூடாது என்பதை ஒரு தம்பிக்குச் சொல்வதுபோல் ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

வீட்டுப்பாடம் ஒன்றும் உண்டு. இன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவிடமோ அம்மாவிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள்: "நம்ம டேங்க் மூடி எங்க இருக்கு? கடைசியா எப்ப எடுத்தோம்?" என் வகுப்பில் இதைக் கொடுத்தபோது, மறுநாள் பதினோரு பேர் "யாருக்குமே தெரியல, டீச்சர்" என்று வந்து நின்றார்கள். அவர்களில் நான்கு வீடுகளுக்கு அதே மாதத்தில் லோரி வந்தது.

எங்கள் வீட்டில் இப்போது குளிர்பதனப் பெட்டி இடம் மாறிவிட்டது. மூடிக்கு மேலே டைல்ஸ் இல்லை. அலமாரிக் கதவில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தேதி இருக்கிறது. அதற்குக் கீழே, அடுத்து எப்போது எடுக்க வேண்டும் என்று இன்னொரு தேதி.